மொட்டை மாடியில் ஒற்றைக் கம்பி: ஹாம் ரேடியோ கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்: எண்டு-ஃபெட் ஒயர் ஆண்டெனா, அதாவது ஒரு முனையில் கரண்ட் கொடுக்கும் கம்பி. அதிலும் பாதி, பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற நம் வடசென்னைக்காரர்கள் எழுதியது. இடமில்லாத ஊரில் இந்தக் கேள்விதானே வரும்.

கேள்வி: ஐயா, எனக்கு வி.யு.3 லைசென்ஸ் (பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களுக்கான தொடக்க நிலை உரிமம்) வந்து இரண்டு மாதம் ஆகிறது. கொருக்குப்பேட்டையில் மூன்று மாடி வீடு. மொட்டை மாடி 45 அடி நீளம், 18 அடி அகலம். நடுவில் மாடிப்படி ரூம். பின்பக்கம் ரயில் தண்டவாளம். 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) டைபோல், அதாவது நடுவில் கரண்ட் கொடுக்கும் கம்பி, கட்ட இடம் போதவில்லை. "எண்டு-ஃபெட் போடு, ஒரு முனையில் பெட்டியை மாட்டினால் முடிந்தது, எர்த்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்" என்கிறார் நண்பர். நம்பலாமா? (ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை)

பதில்: பாதி நம்பலாம் தம்பி.

நான் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். 1999 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு, மோர்ஸ் தெரிந்த ஆள் இல்லாமலே கப்பல் ஓடலாம் என்று உலகம் முழுக்க முடிவானது. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ராயபுரம் வந்து சேர்ந்தேன். அந்தக் காலத்துக் கப்பல்களில் இரண்டு மாஸ்ட்டுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருக்கும் பெரிய ஏரியலும் ஒரு முனையில் கரண்ட் கொடுத்த கம்பிதான். எங்களுக்கு அது பழைய சங்கதி. ஆனால் அங்கே கம்பிக்கு எதிர்ப்பக்கம் என்று ஒன்று இருந்தது. காலுக்குக் கீழே ஆயிரக்கணக்கான டன் இரும்பு, அதற்கும் கீழே உப்புத் தண்ணீர். உங்கள் மாடியில் அது இல்லை. இதைத்தான் உங்கள் நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

கம்பிக்குள் போகிற கரண்டுக்குச் சமமாக இன்னொரு பக்கமும் கரண்ட் போயே ஆகவேண்டும். அரை அலை நீளக் கம்பியின் முனையில் கரண்ட் குறைவு, வோல்டேஜ் அதிகம். அதனால் எதிர்ப்பக்கத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தாலே போதும். "கொஞ்சம் போதும்" என்பது வாய்மாறி "ஒன்றும் வேண்டாம்" ஆகிவிட்டது. நீங்கள் இலை போடாவிட்டால் அந்தக் கரண்ட் சும்மா திரும்பிப் போகாது. ரேடியோவையும் பெட்டியையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னல் வழியாக வீட்டுக்குள் இறங்கி, கிடைத்ததை எடுத்துக்கொள்ளும்.

நான் அனுபவித்ததைச் சொல்கிறேன். ராயபுரத்தில் முதல்முதலாக எண்டு-ஃபெட் கட்டியபோது, கப்பல்காரன் என்கிற திமிரில், எதிர்க்கம்பி எதுவும் போடாமல் பெட்டியை மட்டும் மாட்டினேன். மைக்கின் இரும்பு வலை உதட்டில் பட்டால் சுருக்கென்றது. அதைப் பொறுத்துக்கொண்டேன். காலை 7 மணிக்கு மதுரை நண்பரிடம் பேச மைக்கை அழுத்தினால், பக்கத்து வீட்டுக் காலிங் பெல்லில் குருவி கத்தியது. அந்த அக்கா கதவைத் திறந்து பார்ப்பார், ஆள் இருக்காது, பால்காரரைத் திட்டிவிட்டுக் கதவைச் சாத்துவார். நான்கு நாள் அந்த மனிதர் சும்மா திட்டு வாங்கினார். ஐந்தாம் நாள் நானே போய் ஒப்புக்கொண்டேன். அக்கா சிரித்துவிட்டார். பால்காரர் இன்றுவரை சிரிக்கவில்லை.

சரி, உங்கள் மாடிக்கு வருவோம். அரை அலை நீளம் தெரிய 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும். 7.1-க்கு 20 மீட்டர் சொச்சம், அதாவது 66 அடி. உங்கள் மாடிக்குக் குறுக்கே மூலைக்கு மூலை 48 அடிதான் வரும். கம்பி நேராகப் போகவேண்டும் என்று யார் சொன்னது? பேசுவது கம்பியின் நடுப்பகுதி, கரண்ட் அங்கேதான் அதிகம். கடைசி மூன்று மீட்டர் மடங்கினாலும் தொங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. நடுப்பகுதியை உங்களால் முடிந்த உயரத்துக்குத் தூக்குங்கள், மற்றதைக் கிடைத்த இடத்தில் ஒதுக்குங்கள்.

மாடிப்படி ரூம் நடுவில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். அதன் தளத்தின் மேல் 12 அடி சவுக்குக் கம்பு ஒன்றை நிறுத்துங்கள். ரூம் உயரம் 10 அடி என்றால் மாடித் தரையிலிருந்து 22 அடி வந்துவிடும். இரும்புப் பைப்பை விடச் சவுக்கு மேல்: விலை மலிவு, கரண்ட் கடத்தாது. முன்பக்க மூலையில் 8 அடி உயரத்தில் பெட்டி. அங்கிருந்து கம்பி சவுக்கு உச்சிக்கு ஏறி, எதிர் மூலையில் இன்னொரு 8 அடிக் கம்புக்கு இறங்கட்டும். இரண்டு சரிவுக்கும் சேர்த்து ஏறக்குறைய 56 அடி போகும். மிச்சம் 10 அடியை அதே 8 அடி உயரத்தில் வீட்டின் அகலவாட்டில் திருப்பி இழுத்துக் கட்டிவிடுங்கள்.

எதிர் மூலை என்றேன். அது தண்டவாளப் பக்கம் வருகிற மூலையா என்று முதலில் பாருங்கள். அங்கே மேலே ஓடுவது 25,000 வோல்ட். கம்பியோ கம்போ அறுந்து விழுந்தால் உங்கள் மாடிக்குள்ளேயே விழவேண்டும், சுவரைத் தாண்டி ஒரு முழம்கூடப் போகக்கூடாது. அதற்கு இடம் பற்றவில்லை என்றால் பின்பக்கத்தைக் கைவிட்டு, வீட்டின் முன்பாதியிலேயே மடக்கிக் கட்டுங்கள். கொஞ்சம் சத்தம் குறைவாகப் போகும். போகட்டும்.

பெட்டிக்குள் இருப்பது 49:1 டிரான்ஸ்ஃபார்மர். கம்பி முனையில் இருக்கும் சுமார் 2,450 ஓமை ரேடியோ எதிர்பார்க்கும் 50 ஓமுக்கு இறக்குவது அதன் வேலை. எஃப்.டி. 240-43 ஃபெரைட் வளையத்தில் மொத்தம் 14 சுற்று, அதில் முதல் 2 சுற்று கேபிள் பக்கம். அந்த 2 சுற்றுக்குக் குறுக்கே 100 பைக்கோ ஃபாரட், 2 கிலோ வோல்ட் செராமிக் கெபாசிட்டர் ஒன்று. மேல் பேண்டுகளில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனா ஏற்காமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, குறைந்தால் நல்லது) அடங்கி இருக்க அது உதவும். எனாமல் கம்பிக்கு எங்கேயும் அலைய வேண்டாம், மோட்டார் காயில் கட்டும் கடையில் எடை போட்டுக் கொடுப்பார்கள். வளையத்தில்தான் ஏமாறுவீர்கள். ரிச்சி தெருவில் ஃபெரைட் வளையம் என்று கேட்டால், பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையத்தை எடுத்து நீட்டுபவர்கள் உண்டு. அது இரும்புத்தூள் வளையம், இந்த வேலைக்கு உதவாது. எண் பார்த்து வாங்குங்கள், ஆன்லைனில் வரவழைத்தாலும் சரி.

கம்பிக்கு வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் ஒன்றரை ஸ்கொயர் போதும். மேலே பி.வி.சி. உறை இருப்பதால் கணக்கில் வரும் நீளத்தை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் தேவைப்படும். ஆனாலும் முதலில் 20.6 மீட்டர் கட்டுங்கள். அளந்து பார்க்கும்போது ஆண்டெனா 6.85 மெகாஹெர்ட்ஸில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20.6-ஐ 6.85-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 19.87. அதாவது 73 சென்டிமீட்டர் அதிகம். உடனே கட்டிங் பிளையரைத் தேடாதீர்கள். அந்த நீளத்தைப் பின்னால் மடித்து முறுக்கிப் பாருங்கள், திருப்தியானால் அப்புறம் வெட்டலாம். வெட்டிய கம்பியை ஒட்டவைத்து நான் பட்ட பாடு போதும். 7.1-க்குச் சரிப்பட்டால் 14, 21, 28 மெகாஹெர்ட்ஸும் ஏறத்தாழப் பக்கத்தில் வந்து விழும். இந்த ஆண்டெனாவின் அருமையே அதில்தான் இருக்கிறது.

இனி எதிர்ப்பக்கம். பெட்டியின் எர்த்து முனையிலிருந்து 2 மீட்டர் கம்பி ஒன்றைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக, கை படாத மாதிரி ஓட்டுங்கள். கேபிள் பெட்டியை விட்டு வெளியே வந்ததும், பின்னல் வழியாகக் கரண்ட் ஓடாமல் தடுக்க ஒரு சோக்: எஃப்.டி. 240-31 வளையத்தில் ஆர்.ஜி. 58 கேபிளை 12 சுற்று சுற்றினால் போதும். சிலர் தனிக் கம்பி போடாமல், சோக்கை மூன்று மீட்டர் தள்ளி வைத்து, நடுவில் இருக்கும் கேபிளையே எதிர்க்கம்பி ஆக்குவார்கள். தப்பில்லை. ஆனால் சுவரும் சுவரும் ஒட்டிய நம் தெருக்களில் கேபிள் எந்த வீட்டு ஒயரை உரசிக்கொண்டு இறங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? எனக்கு அந்த முறை பிடிக்காது.

கடைசியாக ஒன்று. அரை அலைக் கம்பியின் இரண்டு முனையிலும் வோல்டேஜ் அதிகம் என்றேன். 50 வாட் போட்டாலே அங்கே 350 வோல்ட். உங்கள் வீட்டில் துணி காயப்போடுபவர்கள் ஈரப் புடவையை உதறும் உயரம் எவ்வளவு என்று கவனித்துவிட்டு, முனைகள் அதற்கு எட்டாமல் வையுங்கள். தொட்டால் சுட்டுவிடும். இந்தச் சூடு தோலில் வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே வெந்திருக்கும்.

இந்த உயரத்துக்கு 40 மீட்டரில் அலை பெரும்பாலும் செங்குத்தாக மேலே போய்த் திரும்பும். பகலில் பெங்களூரு, கோவை, மதுரை எல்லாம் பக்கத்துத் தெரு மாதிரி கேட்கும். தூரத்து நாடுகளுக்கு 20 மீட்டர் பேண்டுக்குப் போங்கள்.

கேள்வி: 49:1 வாங்குவதா, 9:1 வாங்குவதா? கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார். (ஒரு வாசகர், பெரம்பூர்)

பதில்: அவருக்கு இரண்டும் ஒன்றுதான், விலை மட்டும் வேறு. அரை அலை நீளம் உள்ள கம்பிக்கு 49:1. அரை அலையாகவோ அதன் மடங்காகவோ வந்துவிடக் கூடாது என்று பார்த்து வெட்டிய கம்பிக்கு 9:1. உதாரணத்துக்கு 16.2 மீட்டர். 9:1-க்குக் கட்டாயம் டியூனர் (கம்பியை ரேடியோவுக்குப் பொருத்தும் கருவி) வேண்டும், எதிர்க்கம்பியும் நீளமாக வேண்டும். 20 மீட்டர் நீளக் கம்பி கட்ட இடம் உண்டென்றால் நான் 9:1 பக்கம் போகமாட்டேன்.

கேள்வி: திருவொற்றியூரில் கடலைப் பார்த்த வீடு. போன வருஷம் கட்டிய எண்டு-ஃபெட் ஆறு மாதம் அருமையாக வேலை செய்தது. இப்போது விடியற்காலையில் எஸ்.டபிள்யூ.ஆர். 3-க்கு மேல் போகிறது, 11 மணி வெயிலில் தானாகவே 1.5-க்கு இறங்கிவிடுகிறது. ரேடியோவில் கோளாறா? (ஒரு வாசகர், திருவொற்றியூர்)

பதில்: ரேடியோவைத் தொடாதீர்கள். உங்கள் ஆண்டெனா உப்புப் பூத்திருக்கிறது.

காய்ந்த உப்பு கரண்டைக் கடத்தாது. இரவுப் பனியில் அது நனைந்ததும் கடத்தும். வெயில் ஏறிக் காய்ந்ததும் மறுபடியும் நல்ல பிள்ளை ஆகிவிடும். நீங்கள் எழுதிய நேரத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கப்பலில் இதே காய்ச்சல்தான். கடல் கொந்தளித்த மறுநாள் ஏரியலின் பீங்கான் இன்சுலேட்டர்களில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும், டிரான்ஸ்மிட்டர் மீட்டர் ஏறாது. நல்ல தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு போய்ப் பீங்கான் துடைப்பதும் ரேடியோ ஆபீசர் வேலைதான். கேப்டனுக்குப் பக்கத்து அறை, தோளில் பட்டை, கையில் துடைக்கிற துணி.

எண்டு-ஃபெட்டில் இந்தத் தொல்லை கூடுதல், ஏனென்றால் வோல்டேஜ் அதிகமான இடங்களில்தான் கசிவு வலிக்கும். ஆகவே முதலில் பெட்டியில் கம்பி மாட்டும் போல்ட்டைச் சுற்றியும், தொலைமுனை இன்சுலேட்டரையும் குடிதண்ணீரால் கழுவுங்கள். மோட்டார் தண்ணீர் வேண்டாம், உங்கள் பக்கத்து நிலத்தடி நீரே உப்பு கரிக்கும். தொலைமுனையில் சின்ன இன்சுலேட்டர் போட்டிருந்தால், அதை எடுத்துவிட்டு ஒரு முழ நீளத்துக்குத் தங்கூசி (நைலான் மீன்பிடி நரம்பு) கட்டிவிடுங்கள். உப்பு படிய நீளம் கூடினால் கசிவு குறையும். காசிமேட்டு வலைக் கடையில் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கேட்டுக் கொடுப்பார்கள். இழுத்துக் கட்டும் கயிறையும் அங்கேயே வாங்குங்கள். பச்சை பிளாஸ்டிக் கயிறு மட்டும் வேண்டாம், ஒரு கோடை தாண்டாது, கையில் எடுத்தால் தவிடு.

கழுவியும் போகவில்லை என்றால் கனெக்டரைக் கழற்றுங்கள். கேபிளின் பின்னல் பளபளப்பாக இல்லாமல் கறுத்திருந்தால், தண்ணீர் திரி ஏறுவது மாதிரி உள்ளே ஏறிவிட்டது. கறுப்பு தெரிகிறவரை வெட்டிப் போட்டுவிட்டுப் புது கனெக்டர் போடுங்கள். மேலே தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப். சிலிகான் பூசுவதாக இருந்தால் மோந்து பாருங்கள். புளிக்காடி வாசனை அடிக்கும் சிலிகான் செம்பை அரிக்கும். பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை போட மறக்காதீர்கள். எப்படி அடைத்தாலும் உள்ளே ஈரம் சேரும், வெளியே போக வழி வேண்டும்.

ராயபுரத்தில் எங்களுக்கு உப்போடு கரியும் சேர்ந்து படியும். 2011-இல் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று எண்ணூருக்குப் போகிறவரை, மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட முடியாது. இப்போது அந்தக் கரி உங்கள் பக்கம் வந்திருக்குமே. துணியின் நிறத்தைப் பார்த்தால் இன்சுலேட்டரை எப்போது கழுவலாம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: சாயங்காலம் 6 மணியானால் 40 மீட்டரில் எஸ்-9 அளவுக்கு (மீட்டரில் பலமான சிக்னல் காட்டும் அளவு) இரைச்சல். ஆண்டெனாவை மாற்றவேண்டுமா? (ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் போட்டுவிட்டு வீட்டு மெயின் ஸ்விட்சை அணையுங்கள். இரைச்சல் இறங்கினால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். ஒவ்வொரு எம்.சி.பி.-யாகத் தூக்கிக்கொண்டே போனால் பிடிபடுவான். என் வீட்டில் பிடிபட்டது ஒரு மலிவு எல்.இ.டி. பல்பு, அடுத்து இன்வெர்ட்டர். இறங்கவில்லை என்றால் இரைச்சல் தெருவிலிருந்து வருகிறது. கேபிளின் ரேடியோ முனையிலும் ஒரு சோக் போட்டுப் பாருங்கள், பின்னல் வழியாக ஏறி வரும் இரைச்சலாவது குறையும். மேல்கேள்வி வராமலிருக்கச் சொல்லிவிடுகிறேன்: ஆடி மாசம் கோயில் சீரியல் லைட் போட்டிருக்கும் பத்து நாளும் சும்மா இருப்பதுதான் வைத்தியம்.

கேள்வி: வணக்கம். நான் ஹாம் இல்லை, ஹாமின் அம்மா. பிளஸ் டூ முடித்த என் மகன் மாடி முழுக்கக் கம்பி கட்டியிருக்கிறான். இடி இழுக்குமா? துணி காயப்போடலாமா? எங்கள் தெருப் பிள்ளைகள் காத்தாடி விடுவார்கள், நூல் சிக்கினால் என்ன செய்வது? பக்கத்து மாடியில் புறா வளர்க்கிறவர் வேறு, "கம்பியில் என் புறா அடிபட்டால் பார்" என்று சண்டைக்கு வருகிறார். (ஒரு தாய், வியாசர்பாடி)

பதில்: வணக்கம்மா. உங்கள் மகன் எழுதியிருக்க வேண்டிய கேள்விகளை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

கம்பி இடியைக் கூப்பிடாது. ஆனால் பக்கத்தில் எங்கே இறங்கினாலும் அந்தக் கம்பியில் வோல்டேஜ் எகிறும், கேபிள் வழியாக வீட்டுக்குள் வரும். அதனால் மேகம் கறுத்ததும் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடச் சொல்லுங்கள். நம் ஊரில் சாயங்கால இடி மழை மே மாதத்திலிருந்தே வரும், ஐப்பசிக்காகக் காத்திருக்க வேண்டாம். கழற்றிய முனையைக் கண்ணாடி பாட்டிலுக்குள் போட்டு வைத்தால் போதும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வானத்திலிருந்து அவ்வளவு தூரம் தாண்டி வந்த மின்னலுக்குப் பாட்டில் எம்மாத்திரம்?

துணி தாராளமாகக் காயப்போடலாம், ஆனால் மகன் பேசும் நேரத்தில் மாடியில் யாரும் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் மாடிக் கதவின் சாவி ரேடியோ மேசையில் ஆணியில் தொங்கும். சாவி ஆணியில் இல்லை என்றால் மேலே யாரோ இருக்கிறார்கள், நான் மைக்கைத் தொடமாட்டேன். துணிக்கொடி கம்பிக்கு நேர் கீழே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காத்தாடி நூல் சிக்கினால் எந்தப் பிள்ளையையும் மாடிச் சுவரில் ஏற விடாதீர்கள். கம்பியை இறக்கித்தான் நூலை எடுக்கவேண்டும். மாஞ்சாவுக்குத் தடை என்று பெயர், டீல் போடுவது (ஒருவர் நூலை ஒருவர் அறுப்பது) நின்றபாடில்லை. கண்ணாடித் தூள் பூசிய நூல் கம்பியின் மேலுறையைக் கிழித்துவிடும், எடுத்தபின் மகன் கம்பியை ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கட்டும், ரேடியோவை அணைத்துவிட்டு.

கப்பல் ஏரியலில் வேண்டுமென்றே பலவீனமாக ஒரு கண்ணி வைப்போம். அதிர்ச்சி வந்தால் முதலில் அது அறுந்து கம்பியைக் காப்பாற்றும். என் மாடியிலும் தொலைமுனையில் மெல்லிய தங்கூசிதான் அந்தக் கண்ணி. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது, அது அறுந்து கம்பி என் மாடிக்குள்ளேயே சுருண்டு விழுந்தது. மறுநாள் ஒரு முழம் தங்கூசி செலவு, அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

புறாக்காரர் சொல்வது நியாயம். வேகமாக இறங்கும் புறாவுக்கு ஒன்றரை ஸ்கொயர் கம்பி கண்ணில் படாது. பழைய பருத்திப் புடவையை விரலளவு கிழித்து, மூன்று அடிக்கு ஒன்றாகக் கம்பியில் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். வெளிர் நிறமாக இருக்கட்டும். சரிகைப் புடவை மட்டும் வேண்டாம். முனைகளை ஒட்டிய ஐந்து அடியில் எதுவும் கட்டவேண்டாம், நனைந்த துணி அங்கே கசிவுக்கு வழி விடும். முடிச்சுப் போடும் அன்று அவரையும் மேலே கூப்பிடுங்கள், புறா எந்தப் பக்கமிருந்து இறங்குகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.